விரல் நுனிக்கு ஏற்ற கம்பி

என் அண்ணிக்கு ரத்தம் எடுக்கும் வேலை. பரிசோதனை நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி, கை வைக்க ஒரு பலகை, ஒரு தட்டில் ஊசி, பஞ்சு, பல நிற மூடி போட்ட குப்பிகள். காலையில் வெறும் வயிற்றோடு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இடது ஆள்காட்டி விரலை வைத்து நரம்பைத் தேடுவாள். கண்ணால் தேட மாட்டாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேறெங்கோ பார்ப்பாள். விரல் ஓரிடத்தில் நிற்கும். "எப்பக் குத்துவீங்க?" என்று அவர்கள் கேட்கும்போது இவள் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டிருப்பாள். கைராசிக்கார அக்கா என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். அவள் விடுப்பில் இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

வயதில் என்னைவிடச் சின்னவள், முறையில் பெரியவள். ஆகவே வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு, வா போ என்று பேசுவேன். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு எதிலுமே சட்டென்று வருத்தம் வராது. அவள் பங்கையும் சேர்த்து நான் படுகிறேன். தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்பது என் பிழைப்பு. நாள் முழுக்க ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று சொல்கிறவளுக்குத் தன் கோபத்தை இறக்கிவைக்க வீட்டை விட்டால் வேறு இடம் ஏது?

எங்களுடையது நாலு பேர் இசைக்குழு. வரவேற்பு, பிறந்தநாள், அலுவலக ஆண்டு விழா, யார் கூப்பிட்டாலும் போவோம். நான் பாடுவேன். எலக்ட்ரீஷியனான என் அண்ணன் டிரம்ஸ் வாசிப்பான். கீபோர்டு வாசிப்பவர் காப்பீட்டு முகவர். யாரைப் பார்த்தாலும் ஐந்தாம் நிமிடத்தில் பேச்சைப் பாலிசிக்குக் கொண்டுவந்துவிடுவார் என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. குழுவுக்குத் தலைவர் பாலிசிதான். அப்படி அவர் சொல்லிக்கொள்கிறார், நாங்களும் மறுப்பதில்லை. முன்பு பேஸ் கிட்டார் வாசித்தவன் வெளியூரில் நல்ல வேலை கிடைத்துப் போனபோது கிட்டாரை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டான். அது கூடத்து மூலையில் தூசி படிந்து சாய்ந்திருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி அதைத் துடைக்க எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. அண்ணன் கிண்டல் செய்ததற்கு, நாலே கம்பிதானே, எனக்கு அஞ்சு விரல் இருக்கு, ஒண்ணு உபரி என்றாள்.

அவள் வாசிப்பில் அலட்டலே இருக்காது. நல்ல பேஸ் நல்ல ஊசி மாதிரி, எப்ப உள்ள போச்சுன்னே தெரியக் கூடாது என்பாள். மேடைக்கு முன்னால் நிற்பவர்கள் கண்ணுக்கு என் புடவையும் அண்ணனின் கைவீச்சும்தான் தெரியும். ஆனால் ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்துவிட, அவள் இல்லாமல் பாடினோம். என் பாட்டு கால் ஊன்ற இடமில்லாமல் தள்ளாடியது. இதை நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏழு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியதாலோ என்னவோ, கீழே இருக்கிறவர்களோடு அளவாகத்தான் பேசுவார். அம்மா போனபிறகு அந்த அளவும் குறைந்தது. புற்றுநோய் என்று தெரிந்த அன்று நானும் அண்ணனும் இடிந்துபோய் நின்றோம். அவர் டாக்டரிடம், சரி, அடுத்தது என்ன என்று கேட்டார்.

அடுத்தது மருந்து. சில வாரங்களுக்கு ஒரு முறை கை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்பாவின் நரம்புகள் ஆரம்பத்திலிருந்தே கண்ணாமூச்சி ஆடுகிற ரகம். மருத்துவமனையில் மூன்று நாலு இடத்தில் குத்தினால்தான் ஒன்று அகப்படும். அண்ணியோ வீட்டுக் கட்டிலிலேயே உட்காரவைத்து ஒரே குத்தில் எடுத்துக் குப்பியை நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். மருந்து ஏற்றும் நாளிலும் கூடவே போய், எங்கே குத்தலாம் என்று விரல் வைத்துக் காட்டுவாள். அங்கிருந்த நர்சுகள் முதலில் இவள் யார் என்று முறைத்தார்கள். பிறகு அவள் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள்.

நரம்பு கிடைக்காமல் போனால் கவலைப்பட வேண்டாம், நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்துவிடலாம், எல்லாம் அதன் வழியாகவே போகும் என்று டாக்டர் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கையில ஏறற வரைக்கும் ஏறட்டும். உடம்புக்குள்ள குழாய வச்சுக்கிட்டு என்னால நடமாட முடியாது. அந்த நிலைமை வந்துச்சுன்னா, போதும்னு நிறுத்திக்கலாம்."

நான் கெஞ்சினேன், கத்தினேன், தலையில் அடித்துக்கொண்டேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆக அப்பாவின் மருந்து, அதாவது அப்பா, அண்ணியின் விரல் நுனியை நம்பி இருந்தார். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் பாலிசி எங்கிருந்தோ ஒரு பெரிய கம்பெனியின் விழாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். நீளமான நிகழ்ச்சி, பாதிக்கு மேல் புதுப் பாட்டுகள். அண்ணி வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் கிட்டாரைத் தூக்கிவிடுவாள். பேஸ் கம்பி என்பது ஒற்றைக் கம்பி இல்லை. உள்ளே ஒரு கம்பி, அதன் மேல் இன்னொரு கம்பியை இடைவெளி இல்லாமல் சுற்றியிருப்பார்கள். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருப்பதால் தொட்டால் திருகாணியின் மரை மாதிரி வரிவரியாக இருக்கும். ரவுண்ட்வவுண்ட் என்பார்கள். கணீரென்று கேட்கும், பாலிசிக்கு அதுதான் பிடிக்கும். அந்த மரையின் மேல் அழுத்தி இழுத்து, அழுத்தி இழுத்து, அண்ணியின் இடது கை விரல் நுனிகள் காய்த்துப் போயின. நாங்கள் அதைப் பெருமையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

விழா நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் அப்பாவுக்கு ரத்தம் எடுக்க உட்கார்ந்தாள். பட்டையைக் கட்டினாள், விரலை வைத்தாள், ஏதோ பக்கத்து வீட்டுக் கதையை ஆரம்பித்தாள். விரல் நிற்கவில்லை. கதைதான் பாதியில் நின்றது. ஓரிடத்தில் குத்தினாள், வரவில்லை. மற்றக் கையில் குத்தினாள், வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்தபடி, நிதானமா எடும்மா, எனக்கென்ன ஆபீசுக்கா நேரமாச்சு என்றார். கடைசியில் புறங்கையிலிருந்து கொஞ்சம் சொட்டியது.

சமையலறைக்கு வந்தவள் தன் ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே நின்றாள். அதே வாரம் நிலையத்தில் ஒரு குழந்தைக்கும் முதல் குத்து தவறிவிட்டது என்று அப்போதுதான் சொன்னாள்.

"விரல் மரத்துப்போச்சு. உறை போட்டுக்கிட்டுத் தொடற மாதிரி இருக்கு. இனிமே நான் வாசிக்கல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. விழாவைப் பிடித்துவந்த பாலிசி மேலா, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று அவளை வாசிக்கவைத்த என் மேலா, தெரியவில்லை. கடைசியில் அது கம்பி மேல் போய் இறங்கியது. இதற்குள் அப்பா காதுக்கு விஷயம் போய்விட்டது. அவர் அறையிலிருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் வாசிப்பதை நிறுத்தினால் அவர் கையை நீட்டப்போவதில்லையாம். நல்லதாக ஒரு சத்தம் இந்த வீட்டில் கேட்கிறது, அதையும் நிறுத்தினால் எப்படி என்றார். எனக்கு என் பாட்டு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே வாத்தியக் கடைக்குப் போய், மரை இல்லாத கம்பி வேண்டும் என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். ஃபிளாட்வவுண்ட் என்று ஒன்றை எடுத்துப் போட்டார். அதில் மேலே சுற்றுவது உருண்டைக் கம்பி இல்லை, தட்டையான நாடா. விரலை ஓட்டினால் கரண்டிக் காம்பு மாதிரி வழவழவென்று போகிறது. விரல் நகரும்போது கிரீச் சத்தம் வராது, பல வருஷம் உழைக்கும், ஆனால் கணீர் குறையும் என்றார். குறைந்தால் குறையட்டும் என்று கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் படித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் புகார் சொல்கிறார்கள் என்று தினமும் அலுத்துக்கொள்கிறவள் நான்.

வழவழப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கம்பிகள் விறைத்துக்கொண்டு நின்றன. அவற்றை அழுத்த இரண்டு மடங்கு பலம் தேவைப்பட்டது. இழுத்த இழுப்பில் கிட்டாரின் கழுத்தே லேசாக முன்னால் வளைந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் அண்ணியின் விரல் நுனிகளில் பள்ளம் விழுந்துவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உரசினாலும் காய்க்கும், அழுத்தினாலும் காய்க்கும், ரெண்டும் கம்மியா இருக்கணும் என்று மட்டும் சொல்லி, அடுத்த விடுமுறையில் அவளே கிளம்பினாள். நானும் வாயை மூடிக்கொண்டு கூடப் போனேன்.

அவள் கம்பி தேர்ந்தெடுத்ததைப் பார்க்க வேண்டுமே! அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை அவள் படிக்கவே இல்லை. தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாதாம். ஒரே தடிமனில் ஒன்று விறைப்பாக இருக்கும், இன்னொன்று வளைந்துகொடுக்கும், எல்லாம் உள்ளே இருக்கிற கம்பியைப் பொறுத்தது என்று கடைக்காரர் விளக்கினார். கம்பி மாட்டிய கிட்டார்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றாக இறக்கி மடியில் வைத்து, இடது ஆள்காட்டி விரலால் ஓரிடத்தில் அழுத்திக்கொண்டு, வாசலில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓசையை அவள் கடைசியில்தான் கேட்டாள். கறுப்பு நைலான் சுற்றிய கம்பி ஒன்று மெத்தென்று இருந்தது. நான் இதுதான், இதுதான் என்று துள்ளினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, இது எனக்குச் சுகம், பாட்டுக்குச் சுகமில்ல என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியாக ஒன்றை எடுத்தவள் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. அதுவும் ஃபிளாட்வவுண்ட்தான். ஆனால் அழுத்தினால் விரலோடு சண்டைக்கு நிற்காமல் இறங்கிப்போனது. அதையே வாங்கினோம்.

இந்தக் கதையில் என் அண்ணன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அவன் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தான். அண்ணி வேலைக்குப் போயிருந்த சமயம், பெண்டாட்டிக்கு உதவுகிற ஆசையில் புதுக் கம்பிகளை அவனே மாட்டப் போனான். வயரைக் கண்டால் நுனியை நறுக்காமல் அவனுக்குக் கை நிற்காது. கட்டிங் பிளேயரை எடுத்து, மிச்ச நீளத்தையெல்லாம் கச்சிதமாக அளந்து வெட்டிவிட்டு, அப்புறம் சுற்றினான். ஃபிளாட்வவுண்டில் அதைத்தான் செய்யக் கூடாதாம். முதலில் முறுக்கும் சாவியில் கம்பியை அழுத்தமாக மடக்கிவிட்டு, பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேலே சுற்றிய நாடா பிடி விட்டு நழுவிவிடும். நழுவியது. தடித்த கம்பிகள் இரண்டும் பலகையைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டன. அண்ணன் அன்றைக்கு முழுவதும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதே கம்பி கடையில் வேறு இல்லை, சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள்.

அது வந்து சேர வாரக்கணக்கில் ஆயிற்று. கம்பி வந்ததும் வாசிப்பேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அதுவரை அண்ணி கிட்டாரைத் தொடவில்லை. தினமும் விரலை வெந்நீரில் ஊறவைத்து, நகம் தேய்க்கும் அரத்தால் காய்ப்பை மெல்ல ராவி, களிம்பு தடவினாள். தலைமுடி ஒன்றை மேசையில் போட்டு, மேலே ஒரு காகிதத்தை வைத்து, முடி எங்கே கிடக்கிறது என்று கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாள். கண்டுபிடித்தால் இன்னொரு காகிதம். எனக்கு முதல் காகிதத்திலேயே ஒன்றும் தட்டுப்படவில்லை. இந்த நாட்களில் அப்பாவுக்கு மருத்துவமனையில்தான் ரத்தம் எடுத்தார்கள், அங்கேயே மருந்தும் ஏற்றினார்கள். இங்கே குத்தி அங்கே குத்தி, கை முழுக்க நீலம் பாரித்துத் திரும்பி வருவார். அவர்கள் எப்போதும் அப்படித்தானே என்று நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணியின் விரல் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். அப்பா அந்தக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, விரல் எப்படிம்மா இருக்கு என்று அவளை விசாரிப்பார்.

கம்பி வந்தது. அண்ணி தன் கையாலேயே மடக்கி, வெட்டி, மாட்டினாள். முதல் ஒத்திகையில் பாலிசி முகத்தைச் சுளித்தார். போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கே, இதை வச்சுக்கிட்டு எப்படி மேடை ஏறறது என்றார். எனக்கும் அவருக்கும் அன்று நடந்த சண்டையில் அவர் எனக்கு விற்ற பாலிசி வரைக்கும் பேச்சு போய்விட்டது. அண்ணி பொறுமையாக ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசித்தோம். பழைய கம்பியில் அவள் ஓசையும் என் குரலும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நுழையும். இப்போது அவள் ஓசை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, எனக்கு மேலே தாராளமாக இடம் கிடைத்தது. பாட்டு முடிந்ததும் பாலிசி கீபோர்டு பக்கம் குனிந்தார். தன் இடது கை வாசிக்கும் அடிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவைத்துக்கொண்டார். அவர் தோல்வியை அப்படித்தான் ஒப்புக்கொள்வார்.

சில வாரம் வாசித்த பிறகும் விரல் காய்க்கவில்லை. முடியின் மேல் அவள் ஒரு சின்னப் புத்தகம் அளவுக்குக் காகிதம் அடுக்கிவிட்டாள். நிலையத்தில் ஒரு குத்துகூடத் தவறவில்லை. அடுத்த முறை மாமாவுக்கு நானே எடுக்கறேன் என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எங்கள் வீட்டில் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குக் கம்பிக்காரனைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பாமல் அப்பாவின் அறை வாசலில் நின்றேன். அண்ணி பட்டையைக் கட்டினாள். விரலை வைத்தாள். இந்த முறை கதை எதுவும் சொல்லவில்லை, கண்ணையும் மூடிக்கொண்டாள். விரல் மடிப்பில் மெல்ல நகர்ந்து, முன்கையில் இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி, புறங்கைக்குப் போனது. பட்டையை அவிழ்த்து மற்றக் கையில் கட்டினாள். அங்கேயும் மேலிருந்து கீழே வரை தேடினாள். ஊசியை அவள் எடுக்கவே இல்லை. பட்டையை அவிழ்த்த பிறகும் விரலை மட்டும் அப்பாவின் கையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் தெரியுது மாமா," என்றாள். "ஒவ்வொண்ணும் தெரியுது. இது இறுகிப்போய்க் கயிறு மாதிரி ஆயிடுச்சு. இது உள்ள அடைச்சுக்கிச்சு. இங்க ஒண்ணு இருந்துச்சு, இப்ப இல்ல. அன்னைக்கு ரத்தம் வராதப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும். என் விரல் நல்லாத்தான் இருக்கு."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மருந்து ஏறி ஏறி அப்பாவின் நரம்புகள்தான் கெட்டுப்போயிருக்கின்றன. நாங்கள் அத்தனை நாளும் கம்பியைத் திட்டிக்கொண்டிருந்தோம். கம்பி என்றால் கடையில் போய் மாற்றிக்கொள்ளலாம், அதனால் அதைத் திட்டினோம்.

"உன் மேல தப்புன்னு நான் ஒரு நாளும் நினைக்கலையேம்மா," என்றார் அப்பா.

"என் மேலயே இருந்திருக்கக் கூடாதா மாமா."

சொல்லிவிட்டு அழுதாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அவள் கையைத் திருப்பி, அந்த ஆள்காட்டி விரலின் நுனியைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ராவி ராவி அங்கே தோல் குழந்தை விரல் மாதிரி சிவந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டாக்டருக்குப் போன் போடு. அந்தக் குழாய எப்ப வைக்கலாம்னு கேளு. ஒரு விரல வச்சுக்கிட்டு இவ இவ்வளவு போராடியிருக்கா. எனக்கு இவ்ளோ பெரிய நெஞ்சு இருக்கு."

இதைத்தானே நான் முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன் என்று எனக்கு அந்த நேரத்திலும் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. சொல்லவில்லை. போனை எடுத்தேன்.